எதிர்வீட்டு மாடிக்கு எட்டுப் பேர்

எதிர்வீட்டு மாடி காலியாகப் போகிறது என்ற சங்கதி, அந்த வீட்டுக்காரருக்குத் தெரிவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே எனக்குத் தெரியும். மாடியில் குடியிருந்தவர் ஒரு பள்ளிக்கூடத்தில் செல்லோ என்ற பெரிய பிடில் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார், பேரங்காடியிலிருந்து வாழைப்பழ அட்டைப்பெட்டிகளைச் சைக்கிளின் பின்னால் கட்டிக் கொண்டுவந்தார். ஒன்றிரண்டு என்றால் பழைய புத்தகம் போட என்று விட்டுவிடலாம். நான் எண்ணியவரைக்கும் பதினொன்று. பதினொரு பெட்டி சேர்க்கிற மனிதன் ஊரைவிட்டுப் போகிறான், வேறென்ன?

"உனக்கு வேற வேலையே கிடையாதா கொன்னி?" என்றார் என் புருஷன் ஆரெண்ட். நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு குறுக்கெழுத்துப் போடுகிறவருக்கு என்ன வேலை இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

நான் நாற்பது வருஷம் பில்ட்ஹோவன் தபால் அலுவலகச் சன்னலில் உட்கார்ந்தவள். யாருக்கு யார் எழுதுகிறார்கள், யார் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள் என்பதெல்லாம் எனக்குப் பாடம். அந்தப் பழக்கம் ஓய்வூதியத்தோடு போய்விடுமா? எங்கள் பூக்கன்லான் தெருவில் யாரும் திரைச்சீலையை மூடுவதும் இல்லை. மூடினால் உள்ளே என்னவோ நடக்கிறது என்று அர்த்தமாகிவிடும். திறந்து வைத்திருக்கிறார்கள், நான் பார்க்கிறேன். குற்றம் யார்மேல்?

தெருவின் இரண்டு பக்கமும் பீச் மரங்கள். நூறு வருஷத்து மரங்கள், ஒவ்வொன்றும் மூன்று மாடி உயரம். அவற்றின் பின்னால் மரியாதையான தூரத்தில் பெரிய வீடுகள். பாதி ஊர் காலை ஏழரை ரயிலில் உட்ரெக்டுக்குப் போய், மாலை ஆறு மணிக்கு உருளைக்கிழங்கு தின்னத் திரும்பிவரும். தெருவிலேயே சின்ன வீடு எங்களுடையது. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு தபால்காரியும் ஒரு ரயில்வே சிக்னல்காரரும் சேர்ந்து வாங்க முடிந்த வீடு. இன்று இதே வீட்டுக்கு விலை போட்டால் எங்களையே உள்ளே விடமாட்டார்கள்.

எதிர்வீடு மெனேர் ஓல்டன்சீலுடையது; ஆணை மெனேர், பெண்ணை மெவ்ரவ் என்றுதான் இங்கே மரியாதையாகக் கூப்பிடுவோம். வெள்ளம் வராமல் கரை கட்டிக் காக்கிற நீர்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்து நான்கு. கீழ்த்தளத்தில் அவர், மேல்தளம் வாடகைக்கு. அவர் மனைவி போன வருஷம் மே மாதம் இறந்துபோனாள். அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு யாரும் வந்து நான் பார்த்ததில்லை. மகன் ஐந்தோவனில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை தொலைபேசுவான். அது எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

செல்லோ வாத்தியார் அக்டோபர் கடைசியில் போனார். போகும்போது தரையையும் பெயர்த்துக்கொண்டு போனார். வந்தபோது சொந்தக் காசில் போட்ட மரத்தரை, விடுவாரா? எங்கள் பக்கத்து வழக்கம் அப்படித்தான். பலகை பலகையாகக் கழற்றி, கயிற்றால் கட்டி, சன்னல் வழியாக இறக்கினார். விளக்குகளையும் கழற்றிவிட்டார். கூரையில் மூன்று கம்பி முனைகள் தொங்கின. மாடி வெறும் சிமெண்டாக நின்றது.

அப்போதுதான் நான் யோரீனிடம் வாயை விட்டேன்.

யோரீன் வீட்டுப் பராமரிப்பு ஊழியர். ஆரெண்டின் கால்களில் நீர் கோத்துக்கொள்ளும், இறுக்கக் காலுறை போடாமல் அவர் எழுந்து நிற்கக்கூடாது. காலை ஏழு பத்துக்குச் சைக்கிளில் வருவாள். மஞ்சள் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, அந்தப் பாழாய்ப்போன காலுறையைப் பாதத்தில் நுழைத்து, குதிகாலில் நிறுத்தி, சுருக்கம் விழாமல் முழங்கால்வரை இழுப்பாள். முதல் தடவை நானே முயன்றபோது இருவரும் கட்டிலிலிருந்து விழுந்தோம். யோரீனுக்கு இரண்டு காலுக்கும் நாலு நிமிஷம். அப்புறம் அடுத்த வீடு, அடுத்த கால். மதியத்துக்குள் எங்கள் ஊரின் பாதி முழங்கால்கள் அவள் கையில் வந்துபோகும்.

அத்தனை வீட்டுக்குள்ளும் போய்வருகிற அவளுக்கு இந்த ஊரில் வீடு கிடையாது. வீட்டுவசதி வாரியத்து வீட்டுக்குப் பெயர் கொடுத்திருந்தாள், பதினோரு வருஷக் காத்திருப்பு என்று பதில் வந்தது. விவாகரத்துக்குப் பிறகு, எட்டு வயது மகள் ஃபென்னாவோடு, சூஸ்ட் பக்கத்துக் காட்டுக்குள் ஒரு விடுமுறைக் குடிலில் இருந்தாள். கோடையில் அங்கே விடுமுறைக்காரர்கள் இறைச்சி சுடுவார்கள். குளிர்காலத்தில் தண்ணீர்க் குழாயையே மூடிவிடுவார்கள்.

"எப்போ மூடுறாங்க?" என்று கேட்டேன்.

"டிசம்பர் ஒண்ணு."

"அதுக்கப்புறம்?"

அவள் காலுறையை ஒருமுறை உதறினாள். "அதுக்கப்புறம் ஃபென்னா ஆஸனுக்குப் போறா. அவ அப்பாகிட்ட. வக்கீல் முன்னாடி எழுதியாச்சு. டிசம்பர் ஒண்ணுக்குள்ள எனக்கு நகராட்சியில பதிவு பண்ணிக்கிற மாதிரி ஒரு விலாசம் கிடைச்சா என்கூட, விடுமுறைக் குடிலைப் பதிவு பண்ண விடமாட்டாங்க. இல்லைன்னா பள்ளிக்கூடம் மாத்தி அங்க."

"ரயில்ல ரெண்டு மணி நேரம்" என்றார் ஆரெண்ட். ரயில் என்றால் மட்டும் அவருக்குக் காது கேட்கும்.

"அவன் ஒண்ணும் மோசமானவன் இல்ல" என்றாள் யோரீன். "அவளுக்குத் தனி அறைகூட வச்சிருக்கான். அதுதான் கஷ்டமே. மோசமானவனா இருந்தா சண்டை போடலாம். மெனேர், காலை நீட்டுங்க."

எதிர்வீட்டு மாடி காலி என்று அவளிடம் சொன்னேன். தரை இல்லை, விளக்கு இல்லை என்பதையும் சொன்னேன். ஓல்டன்சீல் எந்தக் காப்பித்தூள் வாங்குவார், காலை எத்தனை மணிக்குத் தபால் எடுப்பார், குறித்த நேரத்துக்கு ஒரு நிமிஷம் முந்தி வந்தாலும் பிடிக்காது, பிந்தி வந்தால் சுத்தமாகப் பிடிக்காது, எல்லாம் சொன்னேன். எல்லாம் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

நவம்பர் பதினெட்டு, செவ்வாய், வீடு பார்க்க வரும் நாள். வீட்டுத் தரகர் ஒருவர் எட்டுப் பேரைப் பொறுக்கி, ஆளுக்குப் பதினைந்து நிமிஷம் என்று ஒதுக்கியிருந்தார். அன்று காலையிலிருந்தே சல்லடையால் சலித்த மாதிரி மழை. பீச் இலைகள் ஈரமாகித் தரையில் ஒட்டிக் கிடந்தன, மிதித்தால் சோப்பு மாதிரி வழுக்கும். நகராட்சிக்காரர்கள் வைத்திருந்த கம்பி இலைக்கூடை ஏற்கெனவே வழிந்தது. அதில் பாதி பதினாறாம் எண் வீட்டுக்காரன் தன் தோட்டத்திலிருந்து இரகசியமாகக் கொட்டியது. அந்தக் கதை வேறே.

நான் சன்னல் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் நின்றுகொண்டேன்.

"எத்தனாவது தடவை அந்தக் கண்ணாடியைத் துடைக்கிற?" என்றார் ஆரெண்ட்.

"உங்க கண்ணாடிதானே, சுத்தமா இருக்கட்டும்."

முதலில் ஒரு பல் மருத்துவர் வந்தார், தரையைப் பார்த்துவிட்டு ஐந்தே நிமிஷத்தில் போய்விட்டார். பிறகு நாயோடு ஒருத்தி. மூன்றாவதாக வந்தவர்களைப் பார்த்ததும் துடைக்கிற துணியைக் கீழே வைத்துவிட்டேன். ஆம்ஸ்டர்டாமில் வங்கி வேலை பார்க்கிற இளம் தம்பதி, சத்தமே போடாத மின்சாரக் கார், இருவருக்கும் ஒரே நிற மேல்கோட்டு. உள்ளே முழுப் பதினைந்து நிமிஷம் இருந்தார்கள். வெளியே வரும்போது தரகர் அவர்களுக்குக் குடை பிடித்தார். நாய்க்காரிக்கு அவர் குடை பிடிக்கவில்லை.

அந்தப் பையன் காரில் ஒட்டியிருந்த இலைகளை விரலால் எடுத்துப் போட்டுக்கொண்டே கேட்டது எங்கள் வீடுவரை கேட்டது: "இந்த இலை எத்தனை வாரம் விழும்?"

"எல்லாம் விழுந்து முடியற வரைக்கும்" என்றார் ஓல்டன்சீல்.

யோரீன் ஏழாவது. சரியாக மணி அடிக்கும் நேரத்துக்கு வந்தாள். உள்ளே நடந்ததை மறுநாள் காலை, ஆரெண்டின் இடது காலுக்கும் வலது காலுக்கும் நடுவில் சொன்னாள்.

"நல்லாத்தான் பேசினார். தண்ணிக் குழாய் எங்கெங்க போகுதுன்னு காட்டினார். தரை நானே போட்டுக்கிறேன்னு சொன்னேன். சரின்னு தலையாட்டினார். அப்புறம் தரகர் குறுக்க வந்து, வாடகையில மூணரை மடங்கு சம்பளம் இருக்கணும், உங்களுக்கு இல்லையேன்னு காகிதத்தை மடிச்சுட்டார்." சற்று நேரம் காலுறையோடு போராடினாள். "கிளம்பறப்போ கழிவறைக்குப் போய்ட்டு வரட்டுமான்னு கேட்டேன். காலையில இருந்து எட்டு வீடு, எங்க போறது?"

இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை அவள் உள்ளே நுழையும்போதே முகம் மலர்ந்திருந்தது. வெளியே இன்னும் விடியவில்லை, தெருவிளக்கில் மழை தெரிந்தது.

"கொன்னி, ஒரு காரியம் பண்ணிட்டேன். எட்டுப் பேர்ல ஒருத்தியா மறந்து போயிடக்கூடாது இல்லையா? அவர் கதவுத் தபால் துவாரத்துல ஒரு வாழ்த்து அட்டை போட்டேன். படியில ஒரு ஆப்பிள் கேக் வச்சேன். ராத்திரி குடில்ல சுட்டது, அடுப்பு ஒரு பக்கம்தான் சுடும், திருப்பித் திருப்பி வச்சேன்."

"எதுக்கு வாழ்த்து?"

"அவங்க வீட்டு நாட்காட்டியில பார்த்தேனே. இன்னைக்கு லீடவெய் பிறந்தநாள். அவர் மகதானே? வாழ்த்துக்கள்னு எழுதினேன், லீடவெயோட பிறந்தநாளுக்கு உங்களுக்கு வாழ்த்துக்கள்னு."

இதில் அவள்மேல் ஒரு தப்பும் கிடையாது. எங்கள் வீடுகளில் கழிவறைக் கதவின் உட்புறம்தான் பிறந்தநாள் நாட்காட்டி தொங்கும். அதில் கிழமை இருக்காது, தேதிதான், வருஷா வருஷம் அதே தாள். உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே சொந்தபந்தம் மொத்தமும் தெரியும். பிறந்தநாள்காரரை மட்டும் வாழ்த்தினால் போதாது, அவருடைய புருஷன், அம்மா, அக்கா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோர் கையையும் பிடித்து வாழ்த்த வேண்டும். எல்லாம் முறைப்படிதான் செய்திருந்தாள். செத்துப்போனவர் பெயர் பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவை போடுவதும் முறை. ஓல்டன்சீல் அதைப் போட்டிருக்கவில்லை.

நானோ அவளிடம் காப்பித்தூளின் பெயர்வரை சொன்னவள், பெண்டாட்டி செத்துப்போனதையும் சொன்னவள். பெண்டாட்டியின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

"அடிப்பாவி" என்றேன். "லீடவெய் மக இல்ல. மனைவி."

ரப்பர் கையுறை அப்படியே நின்றது. காலுறை குதிகாலில் மாட்டியிருந்ததால் ஆரெண்டின் காலும் அப்படியே நின்றது.

"செத்துப்போன மனைவியா?"

"அவருக்கு வேற மனைவி இல்ல."

யோரீன் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "போச்சு" என்றாள். வீட்டைச் சொல்கிறாளா மகளைச் சொல்கிறாளா என்று கேட்க வேண்டியிருக்கவில்லை, இரண்டும் ஒன்றுதான்.

நான் வீட்டுச் செருப்போடு தெருவைக் கடந்து ஓடினேன். அறுபத்தெட்டு வயதில் ஈர இலைமேல் ஓடுவதென்றால் என்னவென்று ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கேக் டப்பா படியில் இருந்தது. அட்டை துவாரத்துக்குள் பாதி உள்ளே, பாதி வெளியே. இரண்டு விரலை விட்டு இழுத்தேன். குளிர்காற்று புகாமலிருக்க உள்ளே தூரிகை வைத்த துவாரம், விரல்தான் மாட்டிக்கொண்டது. என்னிடம் இறைச்சி புரட்டுகிற இடுக்கி இருக்கிறது, எடுத்து வந்திருக்கலாமே என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. விரல் கதவோடு உள்ளே போனது, பின்னாலேயே நானும்.

ஓல்டன்சீல் முழுதாக உடுத்தி, கழுத்துப்பட்டை கட்டி நின்றார்.

"காலை வணக்கம், மெவ்ரவ்" என்றார். "தபால் போடறீங்களா, எடுக்கறீங்களா?"

"மெனேர் ஓல்டன்சீல், அது தப்பு. அந்தப் பொண்ணுக்குத் தெரியாது. தப்பு என் மேல. படிக்காதீங்க."

படிக்காதே என்றால் படிக்காத மனிதன் உண்டா? வாசல் விளக்கின் கீழ் நின்று படித்தார். மூன்று வரி. முப்பது வரி மாதிரி படித்தார். நான் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அஞ்சு மணிக்கே எழுந்துட்டேன்" என்றார் கடைசியில். "இன்னைக்கு எழுபத்தொண்ணு அவளுக்கு. மகன் கூப்பிட மாட்டான், எனக்கு வருத்தமா இருக்கும்னு நினைப்பான். அவ தங்கை கூப்பிட மாட்டா, அதே காரணம். எல்லாருக்கும் நல்ல மனசு." அட்டையைச் சட்டைப்பையில் வைத்தார். குனிந்து கேக் டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, பொறியாளர் பார்வை பார்த்தார். "ஒரு பக்கம் கருகியிருக்கு."

"அடுப்பு அப்படியாம்."

"விட்டம் இருபத்தாறு சென்டிமீட்டர். ஆறு பேருக்கு. நான் ஒருத்தன்." கொஞ்சம் யோசித்தார். "மூணரைக்கு வாங்க. உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க. அந்தப் பொண்ணையும் வரச் சொல்லுங்க."

முப்பத்தொரு வருஷத்தில் அந்த மனிதர் அதே நாளில் யாரையும் காப்பிக்குக் கூப்பிட்டதில்லை. குறைந்தது மூன்று வாரம் முன்னால் நாட்குறிப்பில் எழுதுவார். எனக்குப் பயம்தான் வந்தது.

மூன்றரைக்குப் போனோம். ஆரெண்ட் கோட்டு போட்டுக்கொண்டார். முன்னறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார் ஓல்டன்சீல். சாப்பாட்டு மேசை நாற்காலி நாலு, தோட்டத்து நாற்காலி ஒன்று, ஒரு முக்காலி. பிறந்தநாள் என்றால் நாங்கள் உட்காருகிற வட்டம். வட்டத்தின் நடுவே ஒன்றுமில்லாத கம்பளம். யார் முதலில் என்ன சொல்வது?

யோரீன் பள்ளிக்கூடத்திலிருந்து ஃபென்னாவை நேரே அழைத்து வந்திருந்தாள். அவள் முகம் தண்டனை வாங்கப் போகிறவள் முகமாக இருந்தது. ஃபென்னாவுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லைபோல. பிறந்தநாள் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஓல்டன்சீல் கையைப் பிடித்துக் குலுக்கி, "வாழ்த்துக்கள்!" என்றாள். ஆரெண்டுக்கு, "வாழ்த்துக்கள்!" எனக்கு, "வாழ்த்துக்கள்!" தன் அம்மாவுக்கும். அப்புறம் வட்டத்தைப் பார்த்தாள்.

"பிறந்தநாள்காரங்க எங்க?"

யோரீன் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"செத்துப்போயிட்டாங்க" என்றார் ஓல்டன்சீல்.

ஃபென்னா அதை எடைபோட்டாள். "அப்போ கேக்கை யார் வெட்டுவாங்க?"

"நான் வெட்டலாம்னு இருக்கேன்."

"கருகின பக்கத்தை எனக்குக் கொடுக்காதீங்க."

ஓல்டன்சீல் சிரித்தார். சத்தமாக இல்லை, மூக்கு வழியாக ஒரு காற்று. அதன் பிறகு எனக்கும் துணிவு வந்தது. எழுந்து போய் அவர் கையைப் பிடித்து, "லீடவெய் பிறந்தநாளுக்கு வாழ்த்துக்கள், மெனேர்" என்றேன், எங்கள் முறைப்படி வலது கன்னம், இடது, வலது என்று மூன்று முத்தமும் கொடுத்தேன். பதினெட்டு மாதமாக அந்தப் பெயரை நான் அவர் முன்னால் சொன்னதில்லை. நல்ல மனசுக்காரர்கள் பட்டியலில் நானும்தான் இருந்திருக்கிறேன்.

காப்பி வந்தது. இலைக்கூடையில் பதினாறாம் எண் வீட்டுக்காரன் கொட்டியதை லீடவெய் கையும் களவுமாகப் பிடித்து, அவன் இலையை அவன் தோட்டத்திலேயே திரும்பக் கொட்டிய கதையை நான் சொன்னேன். அது ஓல்டன்சீலுக்கே தெரியாதாம். "எப்போ?" "நீங்க நீர்வாரியக் கூட்டத்துக்குப் போயிருந்தப்போ." "என்கிட்ட சொல்லவே இல்லையே." "உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லுவாங்களா?" மனிதர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். மனைவியைப் பற்றிப் புதிதாக ஒன்று தெரிந்துகொண்டவர் முகம்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆரெண்ட் வாயைத் திறந்தார். "அப்போ மாடியை யாருக்குக் கொடுக்கப் போறீங்க?"

ஓல்டன்சீல் கோப்பையை வைத்தார். "வங்கிக்காரங்களுக்கு. நாளைக்கு கையெழுத்து. விதிப்படி அவங்கதான்." யோரீன் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன். அதையும் இதையும் கலக்கக் கூடாது. நான் தர்மசத்திரம் நடத்தல."

நான் காலை நீட்டி ஆரெண்டை உதைத்தேன். காலுறை இருந்ததால் அவருக்கு உறைக்கவில்லை.

யோரீன் தட்டைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். காலையிலிருந்து பயந்து பயந்து, பயம் தீர்ந்துபோன ஒரு நிதானம் அவளிடம் வந்திருந்தது.

"நான் தர்மம் கேக்கல, மெனேர். ஒரு கணக்கு மட்டும் கேக்கறேன். மாடிக்கு வாடகை எவ்வளவு?"

"ஆயிரத்து நூத்தம்பது."

"இப்போ காட்டுக்குள்ள இருக்கிற குடிலுக்கு நான் மாசம் ஆயிரத்து முந்நூறு கொடுக்கறேன். பதினாலு மாசமா. ஒரு நாள் தள்ளல. ஆயிரத்து முந்நூறு கொடுக்கிறவளால ஆயிரத்து நூத்தம்பது கொடுக்க முடியாதுன்னு உங்க விதி சொல்லுது. நீங்க பொறியாளர்தானே? இது எந்தக் கணக்குல வருது?"

"மூணரை மடங்குங்கறது ஒரு பாதுகாப்பு எல்லை" என்றார்.

"உங்க கரைக்கு எத்தனை மடங்கு உயரம் வைப்பீங்க? அதைச் சும்மா வச்சீங்களா, இல்ல தண்ணி எவ்வளவு வந்துதுன்னு அளந்து பார்த்து வச்சீங்களா?"

ஆரெண்ட் கேக்கை மெல்வதை நிறுத்தினார். நீர்வாரியத்துக்காரரிடம் கரையைப் பற்றிக் கேள்வி கேட்பதா! ஓல்டன்சீலின் காதுமடல் சிவந்தது.

"அளந்து பார்த்துத்தான்."

"என்னையும் அளந்தாச்சு. பதினாலு மாசம்." எழுந்து கோட்டை எடுத்தாள். "கேக் பிடிச்சிருந்தா சந்தோஷம். ஃபென்னா, வா. அஞ்சரைக்கு ஒரு வீட்ல காலுறை கழட்டணும்."

"நாம இங்க குடி வரலையா?" என்றாள் ஃபென்னா.

"இல்லடா."

ஃபென்னா மறுபடி எல்லோர் கையையும் குலுக்கிவிட்டுப் போனாள். ஓல்டன்சீல் கையைக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்திருந்தாளா, இல்லை அவர் பிடித்திருந்தாரா, நான் உட்கார்ந்த இடத்திலிருந்து சரியாகத் தெரியவில்லை. வருத்தமான விஷயம்.

வெள்ளிக்கிழமை முழுக்க மின்சாரக் காருக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. கையெழுத்து தரகர் அலுவலகத்தில் நடந்திருக்கலாம், யார் கண்டது? ஓல்டன்சீல் வெளியே வந்து இலை வாரினார். மழை நின்று ஒரு மஞ்சள் வெயில் அடித்தது. வாரிய இடத்திலேயே திரும்பத் திரும்ப வாரினார். காலையில் யோரீன் வந்தபோது அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஃபென்னாவின் துணிகளை இரண்டாகப் பிரித்து வைத்திருப்பதாக அவளே சொன்னாள். ஆஸனுக்கு ஒன்று, வார இறுதிக்கு ஒன்று. "ரப்பர் காலணி எதுல வைக்கிறதுன்னுதான் தெரியல" என்றாள். "அது ஒண்ணுதானே இருக்கு." அன்று ஆரெண்டின் காலுறையில் ஒரு சுருக்கம் விழுந்தது, அவர் மதியம்வரை வாய் திறக்காமல் பொறுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் வாசல் மணி அடித்தது. யோரீன் மணி அடிக்கமாட்டாள், சாவி வைத்திருக்கிறாள். கதவைத் திறந்தால் ஓல்டன்சீல். சொல்லாமல் கொள்ளாமல். கையில் ஒரு கோப்பு.

"அந்தப் பொண்ணு ஏழு பத்துக்கு இங்க வருவா இல்லையா?"

"வருவா."

"அவளுக்குக் கடிதம் எழுதினேன். உறையில விலாசம் எழுதப் போனப்போதான் பார்த்தேன், விலாசமே கிடையாது." உள்ளே வந்து உட்கார்ந்தார். ஆரெண்ட் இரவு உடையோடு கட்டிலில் இருந்தார், ஓல்டன்சீல் அதைக் கவனிக்காத மாதிரி மேல்கூரையைப் பார்த்தார். "வங்கிக்காரங்களுக்கு நேத்தே சொல்லிட்டேன். தரகருக்குக் கோபம். விதியில பிழை இருந்தா திருத்தணும்னு சொன்னேன். வியாழக்கிழமை ராத்திரியே கணக்குப் போட்டேன், ரெண்டு தடவை. அவ சொன்னது சரி."

"ரெண்டு தடவை போட்டாத்தான் வருமா அந்தக் கணக்கு?" என்றேன்.

"ஒரு தடவையிலேயே வந்தது" என்றார். "ரெண்டாவது எனக்காக."

யோரீன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள். அவரைப் பார்த்ததும் கதவருகிலேயே நின்றுவிட்டாள். அவர் எழுந்து, கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஒப்பந்தத்தாளில் 'இப்போதைய முகவரி' என்று ஒரு கட்டம், 'புதிய முகவரி' என்று ஒரு கட்டம்.

"ரெண்டுலயும் ஒரே விலாசத்தை எழுதியிருக்கேன்" என்றார். "தப்புதான். காலியா விட மனசு வரல."

அவள் படித்தாள். ரப்பர் கையுறையை வாசலிலேயே மாட்டியிருந்தாள், கழற்ற மறந்து அதோடேயே பேனாவைப் பிடித்தாள். கையெழுத்து கோணலாக விழுந்தது. பிறகு முழங்காலை ஊன்றி, ஆரெண்டின் பாதத்தைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டாள். தலை குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை. என் வாழ்நாளில் பார்க்க வேண்டும் என்று நினைத்தும் நான் வேறுபக்கம் திரும்பிக்கொண்ட ஒரே தருணம் அதுதான்.

அந்த வாரம் முழுக்கத் தரை வேலை. யாரோ மிச்சம் வைத்த பலகைகளை யோரீனின் சக ஊழியர்கள் பாதி விலைக்குப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மாலை மூன்றிலிருந்து ஆறுவரை நாலு பெண்கள் மண்டியிட்டுப் பலகையில் பலகை கோத்தார்கள். முழங்காலைக் கையாள்வதில் அவர்களுக்குப் பழக்கம் உண்டு. ஓல்டன்சீல் ரசமட்டத்தோடு பின்னாலேயே நடந்து, "இங்க ஒன்றரை மில்லிமீட்டர்" என்றார்.

"அந்த ஒன்றரை மில்லிமீட்டர்ல நீங்க விழுந்து காலை ஒடிச்சா நாங்களே வந்து பாத்துக்கறோம், தள்ளுங்க மெனேர்" என்றாள் ஒருத்தி.

நான் பட்டாணிச் சூப் ஒரு பெரிய பானை வைத்தேன், கரண்டி நட்டால் நிற்கிற கெட்டி, புகைபோட்ட தொத்திறைச்சி வெட்டிப்போட்டது. வெறும் சிமெண்ட்மேல் உட்கார்ந்து எல்லோரும் குடித்தார்கள். உள்ளே போய்ப் பார்க்க ஒரு காரணம் வேண்டியிருந்தது, சூப் நல்ல காரணம்.

இருபத்தொன்பதாம் தேதி குடிவந்தார்கள். பொருள் அதிகமில்லை, ஒரே நடை. அன்று காலை ஓல்டன்சீல் வாசலில் துளை போட்டுக்கொண்டிருந்தார். மாடிக்கென்று ஒரு அழைப்பு மணி. செல்லோ வாத்தியாரைத் தேடி யாரும் வராததால் இதுவரை அதற்கு அவசியமில்லை. மணிக்குக் கீழே ஒரு பெயர்ப்பலகை, அம்மா பெயர், மகள் பெயர். நாலு திருகாணி, நாலும் ஒரே கோணத்தில் நின்றன.

மதியம் ஃபென்னா கீழே வந்து புது மணியை அழுத்தினாள்.

மேலே சன்னல் திறந்தது. "யாரு?" என்றாள் யோரீன்.

"நான்தாம்மா."

"உன்கிட்ட சாவி இருக்கே!"

"இருக்கு. சும்மா."

அதே நேரம் கீழ்வீட்டுக் கதவும் திறந்தது. ஓல்டன்சீல் தலையை நீட்டினார். "எனக்கா?"

"இல்ல மெனேர், எங்களுக்கு."

கதவு மூடியது. ஃபென்னா பத்துவரை எண்ணியிருப்பாள். மறுபடி அழுத்தினாள். மேலே சன்னல், கீழே கதவு.

"எனக்கா?"

"எங்களுக்கு!"

"ஐயோ, அந்தப் பொண்ணு மணியை ஒடிக்கப் போறா" என்றார் ஆரெண்ட். அவரும் எழுந்து என் பக்கத்தில் சன்னலுக்கு வந்திருந்தார். இத்தனை வருஷம் என்னைச் சொன்னதற்கெல்லாம் அப்போதே திருப்பிக் கொடுத்திருக்கலாம், ஆனால் பேச நேரமில்லை. ஃபென்னா மூன்றாவது தடவையாகப் படியேறிக்கொண்டிருந்தாள். புது மணியைக் கொஞ்சநேரம் பார்த்தாள். அப்புறம் இடதுபக்கம் நகர்ந்து, இந்தத் தெருவில் ஒன்றரை வருஷமாக ஓல்டன்சீல் கூப்பிடாமல் யாரும் தொடாத அவருடைய பழைய மணியை, கட்டைவிரலால், நன்றாக அழுத்தினாள்.

மேலே சன்னல் திறக்கவில்லை. கீழே கதவு திறக்க நேரமாயிற்று.

"இப்பவும் உங்களுக்குத்தானே?" என்றார் ஓல்டன்சீல் உள்ளிருந்து.

"இல்ல" என்றாள் ஃபென்னா. "இது உங்களுக்கு."